மூன்றிலும் பால் இருந்தது

ஜூன் 30, திங்கள்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். மனைவி மல்லிகா கோயிலுக்குப் போயிருக்கிறாள். உமா என் முகத்தைப் பார்க்காமல் 7.10 ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். கூடுவாஞ்சேரியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மகளுக்கு வயது முப்பத்தொன்று. முதல் முறையாக, தானே ஒருவரைக் காட்டி இவரைத்தான் என்று சொல்லியிருக்கிறாள். அதை நேற்று நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

வரிசையாக எழுதினால் தெளியும். இருபத்தெட்டு வருடம் ஏரிகளின் நீர்மட்டத்தை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்குவதில்லை. டாக்டருக்கான நோட்டு தனி. இது எனக்கு.

எழுத வேண்டியவை:

1. பால் எனக்கு என்ன செய்கிறது. டாக்டர் சொன்னது.
2. மதுராந்தகத்தில் அண்ணன் வீட்டுக் காப்பி. என் தப்பு.
3. கொக்கிலமேட்டில், மாப்பிள்ளை வீட்டில் நான் எதுவும் குடிக்காதது. வயிற்றுக்காக மட்டுமே. வேறு காரணம் இல்லை.
4. அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்.
5. இனி செய்ய வேண்டியது. ஆடி பிறக்க இன்னும் பதினேழு நாள். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

முதலாவது.

மார்ச் மாதத்திலிருந்து தொல்லை. காலைக் காப்பி குடித்த முக்கால் மணியில் வயிறு உப்பும். பிறகு சத்தம். பிறகு வ.போ. (முழுச் சொல்லை எழுதக் கூச்சம். இனியும் இப்படியே.) முதலில் எண்ணெய் என்று நினைத்து எண்ணெயை விட்டேன். அடுத்து பருப்பு என்று நினைத்துப் பருப்பை விட்டேன். கேன் தண்ணீர் மேல் சந்தேகம் வந்து கடையை மாற்றினேன். மூன்று மாதம் எல்லாவற்றையும் சந்தேகித்தேன், காப்பியைத் தவிர. எழுபது வருடமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும் பாலைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. படித்தவன் என்று பெயர்.

டாக்டர் பஜார் பக்கம் இருக்கும் அம்மாள். உமாவைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். "பயப்படாதீங்க சார். அலர்ஜி இல்ல, உயிருக்கு ஆபத்தும் இல்ல. பால்ல லாக்டோஸ்னு ஒரு சர்க்கரை இருக்கு. அதை உடைக்கிற நொதி சின்ன வயசுல நிறையச் சுரக்கும், வயசாக ஆகக் குறையும். நம்ம ஊர்ல நிறையப் பேருக்கு இப்படித்தான். பாதிப் பேருக்கு இதுதான்னு தெரியாது."

உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறதாம். அதனால் வாயு. தண்ணீரை இழுத்துக்கொள்கிறதாம். அதனால் வ.போ. ஊதிப் பார்க்கும் பரிசோதனை சென்னையில் உண்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார். "ரெண்டு வாரம் பால் சேர்ந்த எதுவும் வேணாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து, எவ்வளவு தாங்குதுன்னு பாருங்க. எல்லாத்தையும் எழுதி வைங்க."

அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. வந்ததும் நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன். தேதி, நேரம், உள்ளே போனது, அளவு, விளைவு.

மல்லிகா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, பரீட்சைக்கா கோடு போடறீங்க?" என்றாள்.

அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாலில் தண்ணீர் கலந்தால் போகுமா என்றாள். சர்க்கரை அப்படியேதான் இருக்கும் என்றேன். நன்றாகச் சுண்டக் காய்ச்சினால்? போகாது. "அப்ப ஆட்டுப் பாலு?" அதிலும் உண்டு. "அப்ப கழுதைப் பாலுதான் உங்களுக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்று: இட்லி 3, காரச் சட்னி. கடுங்காப்பி, வெல்லம் போட்டு. வாய்க்குப் பிடிக்கவில்லை. விளைவு: இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. விசிறியால் வீசிக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகிறது.

இரண்டாவது. மதுராந்தகம்.

போன வியாழக்கிழமை, 26ஆம் தேதி. பால் நிறுத்திப் பதினோராம் நாள். பத்து நாளும் விளைவுக் கட்டத்தில் "இல்லை" என்றே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஏகாம்பரம் அண்ணன் என் பெரியப்பா மகன். நெல் மண்டி வைத்திருக்கிறார். எங்கள் வகையறாவில் அவர் தலையாட்டாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன்.

அண்ணி காப்பி கொண்டுவந்தார். எருமைப் பால், ஆடை மிதக்க, பெரிய டம்ளர். வேண்டாம் என்று சொல்ல வீட்டிலிருந்தே வாக்கியம் தயார் செய்து போயிருந்தேன்: "டாக்டர் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறார், அண்ணி." பஸ்ஸில் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். டம்ளர் முன்னால் வந்ததும் வாக்கியம் எங்கே போனதோ.

அண்ணன்: "குட்றா தம்பி. ஆறிடப் போவுது."

குடித்தேன். முழுவதும். ஆடையோடு.

தினேஷைப் பற்றிச் சொன்னேன். முட்டுக்காட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார், டிப்ளமோ படித்தவர், நிதானமான பிள்ளை. அம்மா அஞ்சலை கொக்கிலமேட்டில் மீன் ஏலத்தில் எடுத்து விற்கிறவர். அப்பா இல்லை. அந்த அம்மா பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தபோது, கூட வந்த தினேஷோடு உமாவுக்குப் பழக்கம்.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "கடக்கரை ஜனமா. பொண்ணுக்கு முப்பது தாண்டிடுச்சி, நான் இன்னா சொல்றது. போய்ப் பாரு. பேசு. கை மட்டும் நனச்சிடாத. நனச்சிட்டா முடிஞ்சிதுன்னு அர்த்தம். அப்புறம் இங்க வந்து எங்கூட பந்தியில குந்த முடியாது, ஆமா."

சரி அண்ணா என்றேன். எல்லாவற்றுக்கும் நான் சொல்வது அதுதான்.

11.40க்கு பஸ். படாளம் வரும் முன்பே வயிற்றில் இடி. கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்தேன். படாளத்தில் குதித்து இறங்கினேன் என்றே சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் பங்க். அங்கிருந்தவர் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "பெருசு, சாவி அந்தாண்ட ஆணியில கீது. ஓடு."

எழுபத்தொரு வயதில் ஓடினேன்.

அன்றைய வரி: 11.00, எருமைப் பால் காப்பி, 1 பெரிய டம்ளர். விளைவு: உப்புசம் 11.45, வ.போ. மூன்று முறை. பத்து நாள் உழைப்பு வீண். டாக்டரிடம் போனில் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து என்றார். "கேட்டா, ஒத்துக்கலன்னு சொல்லிடுங்க சார், அதுல என்ன?" என்றார். அதுதான் வரவில்லையே அம்மா. நொதி குறைவதற்கு முன்பே எனக்கு அது குறைவு.

ஜூலை 2, புதன்

லேசான தூறல், ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு இன்னும் புழுக்கம். மல்லிகாவுக்கு முழங்கால் வலி.

உமா இன்றும் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிறாள், போகிறாள்.

மூன்றாவது. ஒழுங்காக எழுத வேண்டும்.

ஞாயிறு 29. நாங்கள் மூவரும் வாடகைக் காரில். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து தெற்கே. காலை 10.15க்குப் போய்ச் சேர்ந்தோம். மணல் தொடங்கும் இடத்துக்கு முந்தின தெரு. சுத்தமான வீடு. வாசலில் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அஞ்சலையம்மாள் புதுப் புடவை. குரல் பெரிது. "வாங்க சார், வாங்கக்கா, வெயில்ல இன்னா நின்னுகினு." தினேஷ் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். ஏற்கெனவே துடைத்தவைதான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாள் என்னிடம் ஏரிகளைப் பற்றிக் கேட்டார். மதுராந்தகம் ஏரி நிரம்பினால் முகத்துவாரத்தில் என்ன மீன் வரும் என்று அவர் எனக்குச் சொன்னார். எனக்கு அது தெரியாது. கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஸ்டூல் வந்தது. பால் டீ, கெட்டியாக. தண்ணீர் ஊற்றாமல் முழுப் பாலில் போட்டதாம். பால்கோவா. பால் பிஸ்கெட். மூன்று பொருள், மூன்றிலும் பால்.

மூன்று நாள் முன்புதான் படாளம். திரும்பும் வழியோ ஒரு மணி நேரம். அந்த வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க வாய் வராது.

"வேணாம்மா. வழியிலதான் குடிச்சோம்" என்றேன். பொய். வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். உள்ளே வராமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் எடுக்காததால் அவளும் டம்ளரை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள். உமா தன் டீயை முழுவதும் குடித்தாள். பிறகு என்னுடையதையும் எடுத்துக் குடித்தாள். சூடு. கண்ணில் நீர் வந்தது. சூட்டினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாள், "பரவால்ல சார். வயசானவங்க. வேணாம்னா இன்னா பண்றது" என்றார். அதற்குப் பிறகு மீனைப் பற்றியும் பேசவில்லை, ஏரியைப் பற்றியும் பேசவில்லை.

வாசலைத் தாண்டும்போது அங்கே நின்ற ஒரு பெண், "வந்தாங்க, பாத்தாங்க, ஒரு வாய் வைக்கல" என்று இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

காரில் உமா: "ஏம்பா?" ஒரே சொல். டிரைவர் இருந்ததால் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "பால்மா, வயிறு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் நோட்டில் அன்றைய வரி: வைத்தவை 3. மூன்றிலும் பால். உட்கொண்டது: இல்லை. விளைவு: இல்லை.

விளைவு இல்லை என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

பிரட் பாக்கெட்டில் பால் பவுடர் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நேற்று இரண்டு துண்டு தின்றதற்கு ஒன்றும் ஆகவில்லை. அளவு குறைவு. குறித்துக்கொண்டேன்.

நான்காவது குறிப்பு தானாக வந்து சேர்ந்தது.

மாலை உமா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "தினேஷ் போன் பண்ணாரு. அவங்கம்மா சொல்லிட்டாங்களாம். எங்க வூட்ல கை நனைக்காதவங்க பொண்ணு நமக்கு வேணாம்னு."

"பால்தான்மா. உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு? வயிறு சரியில்லன்னு அங்கயே ஒரு வார்த்த சொல்ல இன்னாப்பா உனக்கு?"

"பொம்பளைங்க முன்னாடி எப்பிடிம்மா..."

"மீன் வயித்தக் கிழிச்சிகினே ஏலம் பேசறவங்கப்பா அவங்க. உன் வயித்தப் பத்திக் கேட்டு மயங்கி வுழுந்துடுவாங்களா?"

மல்லிகா உள்ளேயிருந்து, "அவரத் திட்டாத, பாவம், அவரு குடல் அப்பிடி" என்றாள். எனக்கு ஆதரவாகத்தான். ஆனால் உமா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

"தினேஷ் அம்மாவ எதுத்துப் பேச மாட்டேன்றாரு. அதுக்கு நான் அவர குத்தம் சொல்ல முடியாது. நான் உன்ன எதுத்து எதுனா பேசறனா?"

இரவுச் சோறு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மோர் ஒரு டம்ளர் குடித்தேன். பால் வேண்டாம், ஆனால் நன்றாகப் புளித்த மோர் கொஞ்சம் குடித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் இப்போது அனுமதித்திருக்கிறார். உறைமோரில் உள்ள கிருமிகளே சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுமாம். விளைவு: இல்லை. இதற்கெல்லாம் சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வெயில். தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள், ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.

மருந்துக் கடைக்குப் போனேன். பால் குடிக்கும் முன் போட்டுக்கொள்ளும் லாக்டேஸ் மாத்திரை உண்டாம். இல்லாத நொதியை மாத்திரையாக விழுங்குவது. கடைக்காரர் உரத்த குரலில் "வாயுவா சார், பேதியா?" என்றார். கடையில் ஆறு பேர். "யாருக்கோ கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாத்திரை வாங்கவில்லை. அது போன ஞாயிறு என் சட்டைப் பையில் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மல்லிகா வெள்ளிக்கிழமைப் பாயசம் வைத்திருந்தாள். "தேங்காப் பாலுங்க, பயப்படாம குடிங்க." பாதி குடித்தபோது, "ருசிக்கு ஒரு கரண்டி மாட்டுப் பாலும் வுட்டேன்" என்றாள். கோபம் வந்தது. கோபத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் டம்ளரை மெதுவாக வைத்தேன்.

"ஒரு கரண்டிதானே."

"ஒரு கரண்டியா, ஒன்றரையா?"

"இன்னாத்துக்கு?"

"எழுதணும்."

தலையில் அடித்துக்கொண்டாள். விளைவு: லேசான உப்புசம், வ.போ. இல்லை. அப்படியானால் ஒரு கரண்டி தாங்குகிறது. அவளுக்கு இதைச் சொல்லக் கூடாது.

அஞ்சலையம்மாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய அம்மையாருக்கு" என்று தொடங்கி மூன்று தாள் வீணானது. முதல் தாளில் நொதி என்ற சொல் ஆறு முறை வந்துவிட்டது. இரண்டாவது மன்னிப்புக் கடிதம் போல இல்லை, விடுப்பு விண்ணப்பம் போல இருந்தது. மூன்றாவதைக் கிழித்ததற்குக் காரணம் நினைவில்லை.

நேரில்தான் போக வேண்டும். டாக்டர் நோட்டையும் எடுத்துப் போய்க் காட்டலாம். தேதி வாரியாக இருக்கிறது. எழுத்தில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

ஜூலை 5, சனி

போனேன். போய்ச் சேரவில்லை.

காலை 8.20 பஸ். ஜன்னல் ஓரம். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போனேன். ஆட்டோக்காரர், "கொக்கிலமேடா? குந்து பெருசு, இன்னும் ரெண்டு பேரு வந்தா கெளம்பிடலாம்" என்றார். உட்கார்ந்தேன். ஒருவர் வந்தார். இன்னொருவரும் வந்தார். வண்டி கிளம்பும்போது, ஒரு சாமான் மறந்துவிட்டேன் என்று இறங்கிக்கொண்டேன்.

கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் என்னிடம் போனைக் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னது. எடுத்தேன். மூன்று படத்திலும் என் விரல் விழுந்திருந்தது. அதையும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

டீக்கடையில் பால் இல்லாமல் டீ கேட்டேன். "அதுக்கு இன்னாத்துக்கு டீக்கடைக்கு வந்த?" என்றார் மாஸ்டர். சிரித்துக்கொண்டேதான். ஆனால் போட்டுக் கொடுத்தார். நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். வேண்டாம் என்பதை நான் வாய்விட்டுச் சொன்னேன், வானம் இடிந்து விழவில்லை. இதை ஏன் அங்கே செய்ய முடியவில்லை?

1.30க்கு வீடு. மல்லிகா: "எங்க போனீங்க?" ஏரிப் பக்கம் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

உமாவுக்கு இன்று வேலை. நான் 8.20 பஸ். ஷேர் ஆட்டோவில் நேற்றைய அதே ஆள். "மறந்த சாமான் கெடச்சிதா பெருசு?" கிடைத்தது என்றேன்.

ஏலம் முடிந்து அஞ்சலையம்மாள் வீட்டு வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று உடனே சொல்லவில்லை.

"இன்னா சார், தனியா வந்துகீறீங்க?"

"ஒரு விஷயம் விளக்கிச் சொல்லணும்மா."

"வெளியிலயே சொல்றீங்களா, உள்ள வருவீங்களா?"

உள்ளே போனேன். தினேஷ் முட்டுக்காட்டில். அம்மாளும், பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரும் மட்டும். நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து சொன்னேன். நொதி, சர்க்கரை, மார்ச், கேன் தண்ணீர், படாளம் பெட்ரோல் பங்க். வ.போ. என்பதன் முழுச் சொல்லையும் சொன்னேன். இரண்டு பெண்கள் முன்னால், சத்தமாக.

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, முடியாமல் விட்டுச் சிரித்தார். "அட கடவுளே. காத்தா சார்? எம்புள்ள நாலு நாளா சோறு துன்னாம சுத்திகினு கீறான், உங்க காத்துக்கா?"

பக்கத்து வீட்டு அம்மாள்: "எங்க அண்ணாத்தக்கிம் இப்பிடித்தான்க்கா. பாலு குடிச்சா போட்ல யாரும் பக்கத்துல குந்த மாட்டாங்க."

நானும் சிரித்தேன். ஒரு வாரத்தில் முதல் முறை. தீர்ந்தது என்று நினைத்தேன்.

"குடுங்க சார், இன்னா எழுதிகீறீங்கன்னு பாப்போம்" என்று நோட்டை வாங்கினார். ஏலக் கணக்கு எழுதுகிறவர், வேகமாகப் படிக்கிறார். விரல் 29ஆம் தேதியில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"வைத்தவை மூணா?"

"ஆமாம்மா. டீ, பால்கோவா, பிஸ்கெட்."

"நான் அஞ்சு வச்சேன் சார். வாழப்பழம் ஒரு சீப்பு வச்சேன். சொம்புல தண்ணி வச்சேன். அத்த எழுதலியே. அதுலயுமா பாலு?"

நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நினைவு இருந்தது. எவர்சில்வர் சொம்பு. ஐஸ் போட்டதால் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. பயண வெயிலில் எனக்கு நல்ல தாகம். பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து, அந்தச் சொம்புக்கு முன்னாலேயே திறந்து குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"வயிறுன்னு சொன்னீங்க, ஒத்துக்கிட்டேன். தண்ணிக்கி இன்னா சார்? கோச்சிக்கல. தெரிஞ்சிக்கணும்."

"மதுராந்தகத்தில் அண்ணன் ஒருத்தர்... கை நனைக்க வேண்டாம்னு சொல்லியிருந்தார்."

"அவரா இங்க வந்தாரு? நீதான வந்த."

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. எனக்கு அது சரியாகவே பட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து போய்விட்டார். போ என்று அஞ்சலையம்மாள் ஜாடை காட்டினாரோ என்னவோ. பிறகு உள்ளே போய்ச் சொம்பும் டம்ளரும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். ஊற்றிக் குடித்தேன். மறுபடி ஊற்றிக் குடித்தேன்.

"சோறு கீது. நெத்திலிக் கொழம்பு. பாலு கெடயாது" என்றார்.

பொடி மீனை முள்ளோடு சாப்பிடுங்கள், பால் இல்லாத குறைக்குக் கால்சியம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கான நேரமில்லை என்று பேசாமல் சாப்பிட்டேன். காரம். மூக்கில் நீர். இரண்டாம் முறை சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

கை கழுவியபின் சொன்னார். "உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. அன்னிக்கி ரெண்டு டம்ளர் குடிச்சிச்சே, அப்பவே எனக்குத் தெரியும். ஆனா தட்டு மாத்துறது இந்த வூட்லதான். உங்க ஜனம் வந்து, குந்தி, சாப்புடணும். நூறு பேரு வரணும்னு இல்ல. மூணு பேரு வந்தாலும் சரி, வர்றவங்க சாப்புடணும். உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லணும். உங்க பொண்ண சொல்ல வைக்காதீங்க."

மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்திலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு வந்தால் போட மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"எங்கடா தம்பி கீற? ஒரே எரைச்சலு."

"கொக்கிலமேட்டுல சாப்ட்டுட்டு வரேண்ணா."

"இன்னா சொன்ன?"

"கை நனைச்சிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம தட்டு மாத்தறோம். அங்கதான் சாப்பாடு. நீங்களும் அண்ணியும் வரணும்."

பக்கத்தில் யாரையோ அதட்டினார். பிறகு: "உனக்கு இவ்ளோ வாய் எப்பத்துலேர்ந்துடா?" வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வராமல் போகலாம். அவர் வராவிட்டால் வகையறாவில் பாதிப் பேர் வர மாட்டார்கள். வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு பேரு போதும்னாங்க இல்ல? நாம மூணு பேரு கீறோம்" என்றாள்.

டாக்டர் நோட்டு: 11.30, தண்ணீர் 2 டம்ளர். சோறு, நெத்திலிக் குழம்பு. விளைவு: இல்லை.

மாலை 6.40. உமா ஏழரை ரயிலில் வருவாள். இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. வயிற்றுக்காக மட்டுமே என்று எழுதியிருக்கிறேன். மதுராந்தகத்தில், ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் பாலைக் குடித்தேன். கொக்கிலமேட்டில், ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் தண்ணீரைத் தொடவில்லை. உமாவிடம் இரண்டு முறை பால்தான் என்று சொன்னேன். அவள் நம்பினாள்.